முதலில் ஒரு ‘க்’ எழுதிப் பாருங்கள்

கேள்வி: தாராவி 90 அடி ரோட்டில், எங்கள் ஊர்ச் சங்கத்தின் மாடி அறையில் ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கிறது. காலையில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து, மதியம் பெரிய பிள்ளைகளுக்கு ஓவியம். இரண்டையும் நான்தான் எடுக்கிறேன். மொத்தம் முப்பது பிள்ளைகள். சங்கத்துக்கு ஒருவர் ஒன்றரை லட்ச ரூபாய் நன்கொடை தந்திருக்கிறார். தலைவர் அண்ணாச்சி, “65 அங்குல டச் பேனல் ஒன்று வாங்கி மாட்டிவிடுவோம், எழுதவும் ஆச்சு, வரையவும் ஆச்சு” என்கிறார். எனக்கோ பென் டிஸ்பிளே (கம்ப்யூட்டரோடு இணைத்து, பேனாவால் நேரே மேலே வரைகிற திரை) வாங்கினால்தான் ஓவிய வகுப்புக்கு உதவும் என்று படுகிறது. “ரெண்டுமே திரை, ரெண்டுலயும் பேனா, பெறகு என்னம்மா வித்தியாசம்?” என்று அண்ணாச்சி கேட்கும்போது பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அனிமேஷன் படிக்க ஆசைப்பட்டு ஐபேட் கேட்கிறாள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
– ஓவிய ஆசிரியை, தாராவி, மும்பை

அன்புள்ள டீச்சர்,

அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. கடைகளிலும் இந்த இரண்டையும் ஒன்றுபோலத்தான் பேசி விற்கிறார்கள். நான் இருபது வருஷமாக அந்தேரி பக்கத்து ஸ்டூடியோக்களுக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது படமெடுக்கும் முன் காட்சி காட்சியாகப் போடும் ஓவியம், வரைகிறேன். சனிக்கிழமைகளில் செம்பூரில் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் அறைக்கு டச் பேனல் வேண்டாம். ஒரு சாதாரண டிவி, ஒரு லேப்டாப், 16 அங்குல பென் டிஸ்பிளே ஒன்று, ஒரு பழைய செல்போன். இவை போதும். ஏன் என்பதை அண்ணாச்சிக்கும் புரிகிற மாதிரி விளக்கப் பார்க்கிறேன்.

வித்தியாசம் திரையில் இல்லை. பேனா எங்கே இருக்கிறது என்பதை அந்தத் திரை எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதில் இருக்கிறது. பள்ளிகளில் மாட்டுகிற பெரிய பேனல்களில் பெரும்பாலானவை அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்பவை. சுற்றியுள்ள சட்டத்தின் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும் சின்னச் சின்ன விளக்குகள். எதிர் ஓரங்களில் அந்த ஒளியை வாங்கும் கண்கள். கண்ணாடிக்கு மேலே, ஓரிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாக ஒளி ஓடிக்கொண்டிருக்கும். கட்டில் கயிறு பின்னியதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். எது குறுக்கே வந்தாலும் அந்த இடத்தில் ஒளி அறுபடும். ‘இங்கே தொட்டார்கள்’ என்று பேனல் முடிவு செய்துகொள்ளும். விரலா, பேனாவா, பென்சிலின் பின்பக்கமா என்று அதற்குக் கவலை இல்லை. அதனால்தான் அதோடு வரும் பேனா பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக் குச்சி. தொலைந்தால் வேறு குச்சி போதும். வகுப்பறைக்கு இது பெரிய வசதி, மறுக்க மாட்டேன்.

ஆனால் இதே அமைப்பால் ஒரு தொல்லையும் உண்டு. பேனா கண்ணாடியைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே கோடு தொடங்கிவிடும். எடுத்த பிறகும் இம்மியளவு தொடரும். ஆங்கிலத்தைக் கூட்டெழுத்தில் எழுதுகிறவர்களுக்கு இது உறுத்தாது. நம் எழுத்துக்குத்தான் கையை அடிக்கடி தூக்க வேண்டும். கொம்பு போட்டு, தூக்கி, எழுத்துப் போட்டு, தூக்கி, கால் போட வேண்டும். கடைசியில் புள்ளி. கடையில் யாராவது பேனலைக் காட்டினால் உங்கள் வழக்கமான வேகத்தில் ஒரு ‘க்’ எழுதிப் பாருங்கள். பிறகு ‘அண்ணன்’, ‘கொம்பு’ என்று எழுதுங்கள். மேலே வைக்கும் புள்ளி, புள்ளியாகவே விழுகிறதா, வால் முளைத்த கோடாக விழுகிறதா? மூன்று சுழி ‘ண’வில் சுழிகள் பிரிந்து நிற்கின்றனவா, ஒட்டிக்கொள்கின்றனவா? கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவே பாலம் விழுகிறதா? எழுத்தை அரையடி உயரத்துக்குப் பெரிதாக எழுதினால் எல்லாமே சரியாகத் தெரியும். நாலு வரிப் பாட்டை எழுதிப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். புதிய பேனல்கள் முன்னைவிட எவ்வளவோ தேறியிருக்கின்றன. இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒன்றையும் வாங்காதீர்கள்.

எழுத்துக்கே இப்படியென்றால் ஓவியத்துக்கு? சில வருஷங்களுக்கு முன் ஒரு பள்ளியில் 75 அங்குலப் பேனலில் பிள்ளைகளுக்கு முகம் வரைந்து காட்டச் சொன்னார்கள். காகிதத்தில் வரையும்போது செய்வதுபோலச் சுண்டுவிரலை ஊன்றிக்கொண்டு கண்ணிமையை வரையத் தொடங்கினேன். சுண்டுவிரல் பட்ட இடத்தில் இன்னொரு கோடு. கையைக் கொஞ்சம் அழுத்தமாக ஊன்றினேன். அகலமாக எது பட்டாலும் அழிப்பான் என்று அந்த மென்பொருள் எடுத்துக்கொள்கிறது, பாதி மூக்கு போய்விட்டது. பிறகு கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டே நாற்பது நிமிஷம் வரைந்தேன். தோள் இறுகிப்போனது எனக்குப் பெரிதில்லை. ஐந்தாம் வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை தன் நோட்டில் வரையும்போது கையை ஊன்றாமல், நான் செய்ததுபோலவே தூக்கி வைத்துக்கொண்டு தடுமாறியதைப் பார்த்ததுதான் இன்னும் மனசில் இருக்கிறது. பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

பென் டிஸ்பிளேயின் கதை வேறு. அதன் திரைக்கு அடியில் கம்பிச் சுருள்கள் நிறைந்த ஒரு பலகை இருக்கிறது. மெல்லிய மின்காந்த அலையை அது விட்டுவிட்டு அனுப்பும். பேனாவுக்குள்ளும் ஒரு சுருள். கோயில் மணியை அடித்தால் பக்கத்தில் இருக்கும் பித்தளைச் சொம்பும் கிண்ணென்று அதிர்வதுபோல, அந்த அலைக்குப் பேனாவின் சுருள் அதிர்ந்து பதில் கொடுக்கும். அந்தப் பதிலை வைத்தே பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு அழுந்துகிறது என்று பலகை கண்டுபிடிக்கிறது. பேனாவுக்கு பேட்டரி வேண்டாம், அந்த அலையிலிருந்தே அதற்கு மின்சாரம். 1983-இல் தொடங்கிய ஜப்பானின் வாகாம் இந்த முறையில் பேர் எடுத்த நிறுவனம். இன்று ஹூயான், எக்ஸ்பி-பென் போன்ற சீன நிறுவனங்களும் பேட்டரி இல்லாத பேனாவோடு பாதி விலைக்கே தருகின்றன. இதில் நமக்கு முக்கியமான விஷயம், அந்தப் பலகைக்கு உங்கள் கை கண்ணில் படவே படாது என்பதுதான். உள்ளங்கையை ஊன்றலாம், முழங்கை வரை சாய்க்கலாம். பேனாவின் சுருளுக்கு மட்டுமே அது பதில் சொல்லும். தொடுதலையும் அறிகிற பென் டிஸ்பிளேக்கள் உண்டு, விலை கூடுதல். எனக்குத் தெரிந்த ஓவியர்களில் பலர் வரையும்போது அந்தத் தொடு வசதியை அணைத்துவிடுகிறார்கள். அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

அழுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஓவியத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கோலம் போடும்போது விரலிடுக்கை இறுக்கினால் இழை மெலியும், நெகிழ்த்தினால் தடிக்கும். கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்பதை வைத்தே போட்டவர் யாரென்று அடையாளம் சொல்கிற பாட்டிகள் உண்டு. சாதாரண அகச்சிவப்புப் பேனலுக்கு இந்த இறுக்கமும் நெகிழ்வும் தெரியாது. சிலவற்றில் தடித்த முனைக்குத் தடித்த கோடு, மெல்லிய முனைக்கு மெல்லிய கோடு வரும். அதற்கு மேல் இல்லை. மெதுவாகத் தொட்டாலும் அழுத்தித் தேய்த்தாலும் ஒரே கோடு. பென் டிஸ்பிளே விளம்பரங்களில் 8,192 அழுத்த நிலைகள், 16,384 அழுத்த நிலைகள் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், இரண்டுக்கும் வித்தியாசம் கையில் தெரியாது. எவ்வளவு லேசாகப் பட்டால் கோடு தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். நல்ல பேனா மூன்று கிராம் எடைக்கே கோடு போடும். பேனாவைக் கையின் எடையில் விட்டு, மூலைக்கு மூலை மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். கோடு நடுங்கி அலையலையாக வந்தால் அதை வாங்காதீர்கள். திரையின் நான்கு மூலைகளிலும் பேனா முனையும் கோடும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால், நீர்த்தொட்டிக்குள் கிடக்கும் காசை எடுப்பதுபோல இடம் தப்பும். இடைவெளி இல்லாமல் ஒட்டிய திரையை ‘ஃபுல் லாமினேட்டட்’ என்பார்கள். அதையே கேட்டு வாங்குங்கள்.

படத்தின் நுணுக்கமும் வேறுபடும். 65 அங்குலப் பேனல் 4கே ஆக இருந்தாலும் அதன் ஒவ்வொரு புள்ளியும் கிட்டத்தட்ட 0.37 மி.மீ. பதினாறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த சாதாரண ஃபுல் எச்.டி. பென் டிஸ்பிளேயில் அது 0.18 மி.மீ. கைக்கெட்டும் தூரத்தில் நின்று வரைகிறவருக்குப் பேனலில் படம் முழுதாகக் கண்ணுக்குள் அடங்காது. பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

உங்கள் காலை வகுப்பை நினைத்தால் எனக்கே கொஞ்சம் மனம் இளகுகிறது. ஐந்து வயசுப் பிள்ளை எழுந்து வந்து, தன் விரலால் பெரிய ‘அ’வின் மேல் ஓட்டும்போது அதன் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்த்திருக்கிறேன். நாலு பிள்ளைகள் ஒரே நேரத்தில் தொடலாம், சண்டை இல்லை. அங்கே டச் பேனல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. கனடாவின் ஸ்மார்ட் நிறுவனம் 1991-இல் முதல் ஸ்மார்ட் போர்டைக் கொண்டுவந்ததும் வகுப்பறைக்கும் கூட்ட அறைக்கும்தானே. நம் நாட்டில் 1987-இல் கரும்பலகைத் திட்டம் வந்தது, 2019-இல் டிஜிட்டல் போர்டுத் திட்டம் வந்தது. அண்ணாச்சிக்கு அந்தப் பேர் காதில் நின்றிருப்பதில் ஆச்சரியமில்லை. உங்களிடம் எழுத்து வகுப்பு மட்டும் இருந்து, மூன்று லட்சம் பணமும் இருந்திருந்தால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் விரலால் ‘அ’ ஓட்டுவதற்கு ஒரு தாம்பாளத்தில் பரப்பிய அரிசி மாவோ மணலோ போதும். நம்மில் பல பேர் அப்படித்தானே கற்றோம்? இருக்கிற ஒன்றரை லட்சத்தில், வேறு எதாலும் ஈடுகட்ட முடியாத பொருளுக்குத்தான் முதல் இடம்.

இனி நான் சொன்ன ஏற்பாடு. நீங்கள் பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்து, மேசையில் சாய்த்து வைத்த பென் டிஸ்பிளேயில் வரைவீர்கள். அது அப்படியே உங்கள் தலைக்கு மேல் இருக்கும் 55 அங்குல டிவியில் தெரியும். முதுகைக் காட்டி நிற்க வேண்டாம், படத்தை நீங்களே மறைத்துக்கொள்ளவும் வேண்டாம். யார் கவனிக்கவில்லை, யார் பக்கத்து நோட்டைப் பார்க்கிறார்கள் என்று எல்லாம் கண்ணில் படும்.

இதில் ஒரு குறை உண்டு. பிள்ளைகளுக்குக் கோடு தெரியும், கை தெரியாது. பென்சிலை எங்கே பிடிக்கிறோம், தூரிகையில் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறோம் என்பதையெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் கற்க முடியும். உங்கள் மதிய வகுப்பில் நிறையப் பேர் மகாராஷ்டிர அரசின் எலிமென்டரி, இன்டர்மீடியட் டிராயிங் தேர்வுகளுக்கு உட்காருகிறவர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். பொருளைப் பார்த்து வரைவது, நினைவிலிருந்து வரைவது, டிசைன் என்று அது முழுக்க முழுக்கக் காகிதத்தில், பென்சிலிலும் வாட்டர் கலரிலும் நடக்கிற தேர்வு. அதற்கு எந்த டிஜிட்டல் பேனாவும் உதவாது. அதற்குத்தான் அந்தப் பழைய செல்போன். மேசை விளிம்பில் கவ்வுகிற ஒரு ஸ்டாண்டில் அதைக் கவிழ்த்து மாட்டி, கேமராவை டிவியோடு இணைத்துவிடுங்கள். உங்கள் கை, காகிதம், தூரிகை எல்லாம் ஒரு முழத்துக்குப் பெரிதாகத் தெரியும். கடைசி வரிசைப் பிள்ளைகூட வண்ணம் ஈரத்தில் பரவுவதைப் பார்க்கும். உண்மையைச் சொன்னால், உங்கள் வகுப்பில் வருஷம் முழுக்க அதிகம் பயன்படப்போவது இந்தச் சில நூறு ரூபாய் ஸ்டாண்டாகத்தான் இருக்கும்.

கணக்கு ஏறக்குறைய இப்படி வரும். டிவி நாற்பதாயிரம், பென் டிஸ்பிளே முப்பதிலிருந்து முப்பத்தைந்தாயிரம், 16 ஜி.பி. நினைவகம் உள்ள லேப்டாப் ஐம்பத்தைந்தாயிரம். மீதியில் திரையில்லாத சின்னப் பென் டேப்லெட் (பலகையில் வரைந்தால் லேப்டாப் திரையில் கோடு விழும்) இரண்டு, மூவாயிரம் சொச்சத்துக்கு ஒன்று. பெரிய பிள்ளைகள் மாறி மாறிப் பழகலாம். மென்பொருளுக்குப் பைசா வேண்டாம்: வரைய கிரிட்டா, வகுப்பெடுக்க ஓப்பன்போர்டு. இரண்டும் இலவசம், இரண்டும் நல்லவை.

வாங்குவதற்கு முன் வயர் விஷயத்தைக் கவனியுங்கள், முக்கால்வாசிப் பேர் சிக்குவது இங்கேதான். பென் டிஸ்பிளே கம்ப்யூட்டர் இல்லை. லேப்டாப்பில் மாட்டினால்தான் வேலை செய்யும். படத்துக்கு எச்.டி.எம்.ஐ. வேண்டும், பேனாவுக்கு யு.எஸ்.பி. வேண்டும். உங்கள் லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. ஓட்டை ஒன்றுதான் இருக்கும், அதையும் பென் டிஸ்பிளே பிடித்துக்கொண்டால் டிவிக்கு எங்கே போவது? ஒன்று, படத்தையும் அனுப்பக்கூடிய டைப்-சி உள்ள லேப்டாப்பாகப் பார்த்து வாங்குங்கள் (எல்லா டைப்-சியும் படத்தை அனுப்பாது, சில வெறும் சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும்). இல்லையென்றால் ஒரு எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் வாங்கி, ஒரே படத்தை இரண்டு திரைக்கும் பிரித்துவிடுங்கள். லாமிங்டன் ரோட்டில், கிராண்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், எல்லாம் கிடைக்கும். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கமிட்டி எதையும் கேட்காமல் பேனல்தான் என்று முடிவெடுத்துவிட்டால், குறைந்தபட்சம் மூன்று விஷயத்தை அவர்கள் காதில் போடுங்கள். 65 அங்குலப் பேனல் நாற்பது கிலோவை ஒட்டி வரும். பெட்டியோடு ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம். உங்கள் மாடிப்படியின் திருப்பத்தில் அது ஏறுமா என்று முதலில் நாடா பிடித்து அளங்கள். தாராவியில் படி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தடுப்புச் சுவர் அரைக்கல் சுவரானால் அதில் மாட்டவே கூடாது, கீழே பிள்ளைகள் உட்காருகிறார்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டுக்குத் தனியாகக் காசு ஒதுக்கச் சொல்லுங்கள். அடுத்து, சாக்பீஸையும் பேனலையும் ஒரே சுவரில் வைக்காதீர்கள். சட்டத்தின் ஓரத்தில் தூசி படிந்தால் யாரும் தொடாமலே தொட்டதாகக் கோடு விழும். நேர் வெயில் பட்டாலும் அதே தொல்லை. கடைசியாக, அதோடு வரும் மென்பொருளுக்கு வருஷச் சந்தா உண்டா, பழுதானால் இடத்துக்கு வந்து பார்ப்பார்களா என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

மகள் விஷயம். அனிமேஷன், டிசைன் என்று போகிறவர்கள் எழுதுகிற யூசீட் என்ற டிசைன் பட்டப்படிப்பு நுழைவுத் தேர்வை நம் பவாய் ஐ.ஐ.டி.தான் நடத்துகிறது. அதில் வரைகிற பகுதி காகிதத்தில்தான். ஆகவே இந்த இரண்டு வருஷத்துக்கு அவளுடைய முதல் கருவி பென்சிலும் ஒரு கட்டுத் தாளும். ரயிலில், மார்க்கெட்டில், வீட்டு வாசலில் என்று தினமும் பத்து மனிதர்களையாவது வரையச் சொல்லுங்கள். டிஜிட்டலுக்கு அந்த மூவாயிரம் ரூபாய்த் திரையில்லாத டேப்லெட்டே போதும். கை மேசையில் ஓட, கண் திரையில் இருக்க, முதலில் எரிச்சலாக இருக்கும்; இரண்டு மூன்று வாரத்தில் கை பழகிவிடும். நான் முதல் எட்டு வருஷம் அதில்தான் வரைந்து சம்பாதித்தேன். ஐபேடும் அதன் பென்சிலும் அருமையான கருவிகள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து வாங்குகிற காசு இப்போது அவளுடைய கோச்சிங்குக்கும் தாளுக்கும் வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு போகிற மாதிரிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பேனாவோடு சேர்ந்தே வருகிற சாம்சங் டேப் எஸ்6 லைட் போன்றது போதும். பென் டிஸ்பிளேயில் உள்ள அதே மின்காந்த முறைதான் அதிலும். சங்கத்துக்குப் பென் டிஸ்பிளே வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவள் ஒரு மணி நேரம் அதில் உட்காரட்டும்.

கமிட்டி கூடுவதற்கு முந்தைய ஞாயிறு எது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். என்னுடைய பென் டிஸ்பிளேயையும் ஸ்பிளிட்டரையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். சியோனில் இறங்கினால் உங்கள் இடம் பக்கம்தான். யார் வீட்டு டிவியையாவது மாடிக்கு ஏற்றி வையுங்கள். அண்ணாச்சியை முன் வரிசையில் உட்கார வைத்து, அவர் பெயரை அவரையே எழுதச் சொல்லுவோம்.